எண் 114-இல் ஓர் எல்ம் மரம்

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. கடைசி விசாரணை நடந்த நாளில் மழை பெய்தது என்றும், வெர்ல் டக்கெட் நனைந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார் என்றும், அதிலிருந்து சொட்டிய நீர் நகர மன்றத்தின் புதுக் கம்பளத்தில் வட்டமாகப் படர்ந்தது என்றும் என் நினைவு சொல்கிறது. அன்றைய கூட்டக் குறிப்பிலோ 'வானிலை தெளிவு' என்றிருக்கிறது. குறிப்பை எழுதியது நான்தான். அந்த நாட்களில் நான் குறிப்புகளை எப்படி எழுதினேன் என்று எனக்குத் தெரியும் என்பதால் மழையையே நம்புகிறேன். ஆனாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கார்வெல் என்ற எங்கள் சிற்றூரின் நூலகத்தில் நான் ஒருவன்தான் ஊழியன். எழுதத் தெரிந்தவன், அதிகம் பேசாதவன் என்ற இரண்டு தகுதிகளுக்காக 1994-இல் என்னை மரபுக் காப்பு ஆணையத்தின் செயலாளராகப் போட்டார்கள். பேசவோ வாக்களிக்கவோ எனக்கு உரிமை இல்லை. அது எனக்கு வசதியாகவே இருந்தது.

ஹீட்டர் தொழிற்சாலை மூடி ஐந்து வருடம் ஆகியிருந்தது. புறவழிச்சாலையில் பெரிய கடை வந்து மூன்று வருடம். மெயின் தெருவின் முப்பத்தொரு கடைகளில் ஏழு மிஞ்சியிருந்தன. மரபை மீட்கும் ஊர்களுக்கு மாநிலம் உதவி தருகிறது என்று அப்போதுதான் செய்தி வந்தது. எங்களிடம் வேறெதுவும் இல்லாததால் மரபு நிச்சயம் இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

ஆணையத்தில் ஐந்து பேர். தலைவர் மிஸஸ் பிரிட்சார்ட். அவருடைய கணவர் குடும்பம் மூன்று தலைமுறையாக மருந்துக்கடை நடத்தியது. கடை மூடிவிட்டது, ஆனால் அதன் கண்ணாடிக்குப் பின்னால் ஒவ்வொரு பண்டிகைக்கும் அவர் அலங்காரம் மாற்றிக்கொண்டிருந்தார். முடிதிருத்தும் டூயி ஆஸ்ட்ராண்டர் இன்னொரு உறுப்பினர். மற்ற மூவர் எதற்கும் தலையாட்டக்கூடியவர்கள். மாநிலத் தலைநகரிலிருந்து ஆலோசகராக வந்தவர் கில்ஸ்ட்ராப். முப்பத்து நான்கு வயது, கழுத்தில் பட்டாம்பூச்சி வடிவ டை, எதைப் பார்த்தாலும் சற்றுப் பின்னால் நகர்ந்து பார்க்கும் பழக்கம்.

முதல் கூட்டத்தில் கில்ஸ்ட்ராப் விளக்கினார். "ஒரு ஊர் எல்லா வருஷமாவும் இருக்க முடியாது. ஒரு வருஷத்தைத் தேர்ந்தெடுக்கணும். அதுக்குப் பேரு முக்கியக் காலம். அதுக்கு முன்னாடி நடந்ததெல்லாம் தயாரிப்பு. பின்னாடி நடந்ததெல்லாம் சேதம்."

பார்வையாளர் வரிசையில் ஒரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். எண் 114-இல் காசு போட்டால் துவைக்கும் லாண்டரி நடத்தும் வெர்ல் டக்கெட். அவர் கையைத் தூக்கினார்.

"அப்போ நான் சேதமா?"

"உங்க வயசு என்ன சார்?"

"அறுபத்திரண்டு."

"எந்த வருஷத்தைத் தேர்ந்தெடுக்கறோம்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் கில்ஸ்ட்ராப். அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

வருடத்தைத் தேர்ந்தெடுக்க ஆறு கூட்டங்கள் ஆயின. டூயி 1956-ஐ விடவே மாட்டேன் என்றார். "சனிக்கிழமைன்னா என் கடையில நாலு நாற்காலியும் காலி இருக்காது. வெளில நின்னு சண்டை போடுவானுங்க." தலையாட்டுபவர்களில் ஒருவர், உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து அணி மாநில அரையிறுதிக்குப் போன 1964 என்றார். அந்த ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் பந்தைத் தவறவிட்டவர் அவர்தான் என்பதால், அந்த வருடத்துக்குத் திரும்பிப் போவதில் அவருக்கு என்ன லாபம் என்று யாருக்கும் புரியவில்லை. எல்லோரும் தங்கள் முழங்கால் வலிக்காத வருடத்தையே சொன்னார்கள் என்று நான் குறிப்பில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன்.

ஏழாவது கூட்டத்துக்கு மிஸஸ் பிரிட்சார்ட் தன் மாமியாரின் ஆல்பத்தைக் கொண்டுவந்தார். அதிலிருந்து ஒரு படத் தபால் அட்டையை எடுத்து மேசை நடுவில் வைத்தார். 'மெயின் தெரு, கார்வெல், ஜூலை 1911.'

அட்டையில் தெரு கழுவிய தட்டைப்போல இருந்தது. இளஞ்சிவப்புச் செங்கல் தரை. மஞ்சள் வெயில்மறைப்புகள். ஒரு கம்பம் இல்லை, ஒரு கம்பி இல்லை. நடுத்தெருவில் ஒரு சிவப்புக் கார். நடைபாதையில் பதினோரு பேர், வெள்ளை உடையில், அசையாமல். மேலே ஆரஞ்சு நிற வானம். தெருவின் கிழக்குப் பக்கத்தில் வட்டமாக, அடர்த்தியாக ஓர் எல்ம் மரம்.

எல்லோரும் அட்டையின் மேல் குனிந்தார்கள். டூயி மூக்கை உறிஞ்சினார்.

"இதத்தான் நாம தொலைச்சுட்டோம்" என்றார் மிஸஸ் பிரிட்சார்ட்.

ஐந்துக்கு ஐந்து வாக்கில் கார்வெல் ஜூலை 1911 ஆனது. நிழல்களின் நீளத்தை அளந்த கில்ஸ்ட்ராப், பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம் என்றார். அதுவும் தீர்மானத்தில் சேர்ந்தது.

விதி எளிமையானது. அட்டையில் இருப்பது இருக்க வேண்டும். இல்லாதது இருக்கக் கூடாது. மின்கம்பங்களைப் பின்சந்துக்கு மாற்றினார்கள். அட்டையில் கடைக் கண்ணாடிகளில் எழுத்து எதுவும் தெரியவில்லை என்பதால் எல்லாக் கடைப் பெயர்களையும் சுரண்டி எடுத்தார்கள். முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் காப்பீட்டு அலுவலகத்தில் நாற்காலி தேடினார்கள். ஒரு கார் மட்டுமே இருக்கலாம் என்பதால் தெருவில் வண்டி நிறுத்தத் தடை வந்தது. சேகரிப்பாளர் ஒருவரிடமிருந்து சிவப்புக் கார் ஒன்றை வாங்கினார்கள். அது ஓடாது, ஆனால் அட்டையிலும் அது ஓடவில்லை என்று கில்ஸ்ட்ராப் சுட்டிக்காட்டினார். நடுத்தெருவில் நிறுத்தினார்கள். பால் லாரி அதைச் சுற்றிக்கொண்டு போனது.

ஒரு சிக்கல் மட்டும் எழுந்தது. அட்டையில் கட்டிடங்களின் நிழல் வலப்பக்கம் விழுந்தது. காரின் நிழல் இடப்பக்கம்.

"அன்னிக்கு கார்வெல்ல வெளிச்சம் வேற மாதிரி இருந்திருக்கு" என்றார் கில்ஸ்ட்ராப்.

"ரெண்டு சூரியனா?" என்றார் டூயி.

"ஆவணத்தோட வாக்குவாதம் பண்ணக் கூடாது சார்."

வங்கிக் கூரையில் ஒரு பெரிய விளக்கை வைத்தார்கள். பகல் இரண்டிலிருந்து நான்கு வரை அது எரிந்தது. காருக்கு இடப்பக்கமும் மெல்லிய நிழல் ஒன்று விழுந்தது. அட்டையில் இல்லாத வலப்பக்க நிழலைப் பொறுத்துக்கொள்வதாக ஆணையம் தீர்மானித்தது.

வெர்லுக்குக் கடிதம் வந்தது மே மாதத்தில். வியாழக்கிழமைகளில் நான் துணி துவைக்கப் போவது வழக்கம். துணி மடிக்கும் நீள மேசையில் கடிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வெர்லும் அவர் மனைவி நாடீனும் உட்கார்ந்திருந்தார்கள். லாண்டரிக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில் அவர்கள் இருபத்தெட்டு வருடமாகக் குடியிருந்தார்கள். நாடீனுக்கு மூட்டுவலி, மாடிப்படியை ஒரு நாளைக்கு ஒருமுறைதான் இறங்குவாள். அன்று கடிதத்துக்காக இரண்டாவது முறை இறங்கியிருந்தாள்.

"லைல், நீ அந்தக் கூட்டத்துல உக்காந்து எழுதறவன்தானே" என்றார் வெர்ல். "இத கொஞ்சம் படிச்சுச் சொல்லு. நான் மூணு தடவ படிச்சுட்டேன். மூணு தடவையும் மரம்னுதான் வருது."

அவர் படித்தது சரிதான். முக்கியக் காலத்தில் எண் 114-இல் ஓர் எல்ம் மரம் இருந்ததாக ஆவணம் காட்டுகிறது. தற்போது அங்கே இருப்பது பங்களிக்காத கட்டிடம், அதாவது ஊரின் மரபில் சேராதது. தொண்ணூறு நாட்களுக்குள் சொத்தின் உரிமையாளர் மரத்துடன் பொருந்திப்போக வேண்டும். தவறினால் நகராட்சி சொத்தை எடுத்துக்கொள்ளும்.

"நாங்க எங்க படுக்கறதாம்? கிளையிலயா?" என்றாள் நாடீன்.

"மேல் கிளையில படுத்தா உனக்குக் கூரை ஒழுகற தொல்லை இல்ல" என்றார் வெர்ல். அவள் சிரிக்கவில்லை. அவரும் சொல்லி முடித்த பிறகு சிரிக்கவில்லை.

கடிதத்தோடு ஒரு படிவம் இருந்தது. வெர்ல் படிவங்களை மதிப்பவர். கொரியாவில் இராணுவத்தில் இருந்தவர். காதுக்குப் பின்னாலிருந்து பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாக நிரப்பினார். 'உங்கள் சொத்தின் தற்போதைய உயரம் (மரமெனில் அடிமரத்தின் சுற்றளவும்).' இருபத்தாறு அடி, மரமல்ல. 'இலையுதிர் காலத்தில் உங்கள் சொத்து இலை உதிர்க்கிறதா?' இல்லை, 1978 பனிப்புயலில் கூரையிலிருந்து இரண்டு தகடு உதிர்ந்தது. 'ஆவணத்தோடு உங்கள் சொத்தைப் பொருத்த இதுவரை என்ன முயற்சி எடுத்தீர்கள்?' இங்கே அவர் பென்சிலை நிறுத்தினார்.

"இதுக்கு என்ன எழுதறது?"

"தெரியல" என்றேன்.

"நேத்துதான் கடிதம் வந்துதுன்னு எழுதறேன். உண்மைதானே."

உலர்த்தும் இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. தொழிற்சாலையில் வேலை போன இரண்டு பேர் சுவரோரம் உட்கார்ந்து குழந்தைத் துணிகள் காய்வதற்காகக் காத்திருந்தார்கள். ஊரில் வீட்டில் இயந்திரம் இல்லாதவர்கள் எல்லோருக்கும் அந்த இடம்தான். அடுத்த லாண்டரி இருபத்திரண்டு மைல் தள்ளி.

முதல் விசாரணைக்கு வெர்ல் ஏணியில் ஏறித் தன் கட்டிடத்தின் நெற்றியைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு வந்தார். அங்கே கல்லில் 1888 என்று செதுக்கியிருந்தது.

"மேடம், கட்டிடம் 1888-லயே வந்துடுச்சு. அட்டை 1911. அப்போ மரம் எங்கிருந்து வந்துச்சு?"

மிஸஸ் பிரிட்சார்ட் கனிவாகவே பேசினார். "வெர்ல், உங்க மேல யாருக்கும் கோபம் இல்ல. என் மாமியார் துணியெல்லாம் உங்ககிட்டதான் துவைச்சிருக்கோம். ஆனா கல்லுல யார் வேணும்னாலும் எந்த வருஷத்தையும் செதுக்கலாம். அட்டையப் பாருங்க. அட்டைக்குப் பொய் சொல்லணும்னு என்ன அவசியம்?"

"ஒரு கேள்வி" என்றார் டூயி. "எல்ம் மரத்துக்கு எங்க போறது? நோய் வந்து அறுபதுகள்லயே எல்லாம் செத்துப் போச்சே. எங்கப்பா மட்டும் ஒம்போது மரத்த வெட்டினாரு."

"கண்ணாடி இழையில செய்யலாம்" என்றார் கில்ஸ்ட்ராப். "நிஜ மரத்தவிட அது வரலாற்றுக்கு உண்மையா இருக்கும். நிஜ மரம் வளரும். வளர்ந்தா ஆவணத்துக்கு மாறிடும்."

கண்ணாடி இழை மரம் தயாராகும்வரை இடைக்கால ஏற்பாடாக, 114-இன் முகப்பைப் பச்சைத் துணி இலைகள் தைத்த வலையால் மூட உத்தரவானது. வெர்ல் மூடினார். வாடிக்கையாளர்கள் இலைகளை விலக்கிக்கொண்டு கூடையோடு உள்ளே போனார்கள். உலர்த்திகளின் வெப்பக்காற்று முன்பக்கக் குழாய்களில் வெளியேறியதால் இலைகள் நாள் முழுவதும் சலசலத்தன. ஆய்வுக்கு வந்த கில்ஸ்ட்ராப் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார். "அசைவு ரொம்ப இயல்பா இருக்கு" என்று எழுதிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது: மரம் சோப்பு வாசனை வீசுகிறது.

அதற்குள் பதினோரு பேர் விவகாரம் தொடங்கியிருந்தது. அட்டையில் மனிதர்கள் இருக்கும்போது தெருவில் இல்லாவிட்டால் எப்படி என்று மிஸஸ் பிரிட்சார்ட் கேட்டார். சனி, ஞாயிறுகளில் வெள்ளை உடையில் நிற்பதற்கு ஆள் எடுத்தார்கள். குடை பிடித்த பெண்ணின் இடத்தை மிஸஸ் பிரிட்சார்ட் தாமே எடுத்துக்கொண்டார். மீதிப் பத்துப் பேரும் ஹீட்டர் தொழிற்சாலையின் பழைய தொழிலாளர்கள். அட்டையில் யாரும் நடக்கவில்லை. ஆகவே நடக்கக் கூடாது. இதற்குக் கில்ஸ்ட்ராப் ஓர் ஆய்வுரையே எழுதினார்: 'அக்காலத்து மக்கள் நிதானமானவர்கள்.'

அவர்களில் ஒருவன் கர்டிஸ் போம்ஹாஃப். பற்றவைப்புப் பிரிவில் பத்தொன்பது வருடம் இருந்தவன். திங்கட்கிழமைகளில் பதினோரு வெள்ளை உடைகளையும் மூட்டையாகக் கட்டி, இலைகளை விலக்கிக்கொண்டு வெர்லிடம் கொண்டுவருவான்.

"நிக்கறது எப்படிப்பா இருக்கு?" என்று வெர்ல் கேட்டார்.

"தொழிற்சாலையில சும்மா நின்னா திட்டுவாங்க. இங்க நகர்ந்தா திட்டறாங்க. மத்தபடி ஒண்ணுதான்" என்றான் கர்டிஸ். "இந்தக் காப்பிக் கறை போகுமா? 1911-ல காகிதக் கோப்பையில காப்பி கிடையாதாம். ஒளிச்சு வச்சுக் குடிச்சேன்."

ஆகஸ்டில் நான் அதைக் கண்டுபிடித்தேன். நூலகத்தின் நிலவறையில், மருந்துக்கடை மூடியபோது கொடுத்த காகிதப் பெட்டிகளில் ஒன்றில், கெட்டி அட்டையில் ஒட்டிய பெரிய புகைப்படம் இருந்தது. அதே தெரு. அதே கோணம். ஆனால் தெரு முழுவதும் சேறு. வண்டிச் சக்கரங்கள் பாதி புதைந்திருந்தன. கம்பங்கள் காடுபோல நின்றன. கம்பிகள் வானத்தைக் கிழித்துப் போட்டிருந்தன. சிவப்புக் கார் இல்லை. வெயில்மறைப்புகள் கிழிந்து தொங்கின. மனிதர்கள் நடமாடியதால் பலர் புகைபோல மங்கியிருந்தார்கள். எல்ம் மரம் இருக்க வேண்டிய இடத்தில் 1888 என்று நெற்றியில் எழுதிய கட்டிடமும், 'நீராவி லாண்டரி' என்ற பலகையும், தெருவுக்குக் குறுக்கே கட்டிய கயிறுகளில் விரிப்புகளும் இருந்தன. வாசலில் முழங்கைவரை சட்டையைச் சுருட்டிய ஒரு பெண் நின்றிருந்தாள்.

படத்தின் மேல் ஒரு மெல்லிய தாள். அதில் பென்சிலால் அம்புக்குறிகள்: கம்பங்கள் எடுக்க. சேறு, செங்கல் ஆக்க. கார் ஒன்று சேர்க்க. அசைந்தவர்களை நீக்க. கூடவே, மிஸஸ் பிரிட்சார்டின் கணவருடைய தாத்தா சிகாகோவிலிருந்த அட்டை அச்சகத்துக்கு எழுதிய கடிதத்தின் நகல்: 'லாண்டரி பார்க்கச் சகிக்கவில்லை. அதை எடுத்துவிட்டு ஏதாவது ஒரு மரம் போடவும். என்ன மரம் என்பது உங்கள் விருப்பம்.'

அதை அன்றே வெர்லிடம் கொண்டுபோயிருக்க வேண்டும். மூன்று வாரம் என் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். நூலகத்தின் கூரையை மாற்றித் தருவதாக ஆணையம் வாக்களித்திருந்தது. அது ஒரு காரணம். இன்னொன்றைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த அட்டையின் பிரதி ஒன்றை என் மேசைக்கு எதிரே மாட்டியிருந்தேன். மாலைகளில் அந்தத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. நான் ஏமாற்றியவர்களும் இல்லை. அது இருந்ததே இல்லை என்று சொல்லும் ஆள் நானாக இருக்க வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிப்பது எனக்கு எப்போதும் ஒரு வேலையைச் செய்து முடித்தது போன்ற நிறைவைத் தரும்.

கடைசியில் கொண்டுபோனேன். வெர்ல் படத்தை ஜன்னலோர வெளிச்சத்தில், துணி இலைகளுக்கு நடுவே பிடித்துப் பார்த்தார்.

"இந்தம்மா அசையாம நேரா பாக்குறா" என்றார். "அழிக்கணும்னு ஆளுக்கு ஒரு காரணம். அசைஞ்சவன அசைஞ்சதுக்கு. இவள அசையாததுக்கு." பிறகு கேட்டார்: "இது எப்போ கிடைச்சுது?"

"மூணு வாரம் ஆச்சு."

அவர் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "மூணு வாரத்துல நாடீன் பாத்திரமெல்லாம் பேப்பர்ல சுத்திப் பெட்டியில வச்சுட்டா" என்றார். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

கடைசி விசாரணையில் செயலாளர் பேசக் கூடாது என்பதால், படத்தையும் கடிதத்தையும் வெர்லே மேசையில் வைத்தார். கடிதத்தைத் தட்டுத்தடுமாறி வாசித்தார். 'ஏதாவது ஒரு மரம்' என்ற இடத்தில் டூயி இருமினார்.

"ஆகவே" என்றார் வெர்ல், "1911-லயும் அது லாண்டரிதான். இந்தத் தெருவுல அன்னிக்குச் செஞ்ச வேலையவே இன்னிக்கும் செய்யற கடை என்னோடது ஒண்ணுதான். நான் வேற எதுவும் கேக்கல. இலைய எடுக்க விடுங்க. போதும்."

மிஸஸ் பிரிட்சார்ட் பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தின் மேல் குனிந்தார். மருந்துக்கடை வாசலில் கையில் துடைப்பத்தோடு, கால்சட்டை முழங்கால்வரை சேறாக, ஒருவர் நின்றிருந்தார்.

"இது என் வீட்டுக்காரரோட தாத்தா" என்றார். "சிரிக்கிறாரு. அட்டையில முகமே தெரியாது." கண்ணாடியை நெடுநேரம் அங்கேயே வைத்திருந்தார். அவர் வாயிலிருந்து வேறொரு தீர்ப்பு வரப்போகிறது என்று நான் நம்பிய நேரம் அது. பிறகு படத்தைக் கவிழ்த்து வைத்தார். "இப்படியொரு கோலத்துல அவரை ஊர் ஞாபகம் வச்சுக்கறத அவரே விரும்பலையே. அவர்தானே மாத்தச் சொன்னாரு."

கில்ஸ்ட்ராப் எழுந்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது. "இது ரொம்ப அருமையான கண்டுபிடிப்பு. திரு. டக்கெட்டுக்கு நன்றி சொல்லணும். இந்தப் புகைப்படம் அன்னிக்கு என்ன இருந்துச்சுன்னு மட்டும்தான் காட்டுது. நம்ம பொறுப்பு அது இல்ல. எது முக்கியம்ங்கறதுதான் நம்ம பொறுப்பு. இந்தக் கடிதம் என்ன சொல்லுது? 114-ல இருந்து லாண்டரிய எடுக்கணும்னு இந்த ஊரோட பெரிய மனுஷர் 1911-லயே முடிவு பண்ணிட்டாரு. அது ஒரு வரலாற்று முடிவு. வரலாற்று முடிவக் காப்பாத்தறது நம்ம கடமை. சரியாச் சொல்லப்போனா, திரு. டக்கெட்டோட கட்டிடம் எண்பத்து மூணு வருஷமா தாமதம் பண்ணிட்டிருக்கு."

"நான் 1966-லதான் வாங்கினேன்" என்றார் வெர்ல்.

"தாமதம் சொத்தோட சேர்ந்து வரும் சார்."

"மாறான ஆவணம் பத்தி வேற யாருக்காவது சொல்ல இருக்கா?" என்று மிஸஸ் பிரிட்சார்ட் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். வெர்லும் பார்த்தார். விதியை மீறி ஒரு வார்த்தை பேசியிருந்தால் என்ன செய்திருப்பார்கள்? வேலையிலிருந்து நீக்கியிருப்பார்கள், வேறென்ன. என் பென்சில் தாளில் நின்றது. நான் குனிந்துகொண்டேன்.

நான்குக்கு ஒன்று. டூயி மட்டும் எதிர்த்தார். "சட்டைக்கு எங்க போவேன்?" என்பதுதான் அவர் சொன்ன காரணம்; அதையும் குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்றார். கூட்டம் கலைவதற்குள் கில்ஸ்ட்ராப் இன்னொரு தீர்மானம் கொண்டுவந்தார். அந்தப் புகைப்படமும் மெயின் தெருவைப் பற்றியதாக இருப்பதால் ஆணையத்தின் எல்லைக்குள் வருகிறது; தபால் அட்டையோடு அது பொருந்தும்படி திருத்தப்பட வேண்டும். அது ஒருமனதாக நிறைவேறியது. டூயி அதற்கும் கை தூக்கினார். எதற்கு வாக்களிக்கிறோம் என்று கவனிக்கவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

குறிப்பில் நான் எழுதியது: 'ஒரு புகைப்படம் காட்டப்பட்டது. கருத்து எதுவும் எழவில்லை.'

அக்டோபரில் கட்டிடத்தை இடித்தார்கள். வெர்லும் நாடீனும் எதிர்ப்பக்க நடைபாதையில் இரண்டு மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்தார்கள். அது ஒரு சனிக்கிழமை என்பதால் பதினோரு பேரும் தங்கள் இடங்களில் நின்றிருந்தார்கள். இயந்திரம் முன்சுவரில் முட்டியபோது புழுதி தெருவை மூடியது. கர்டிஸ் போம்ஹாஃப் தன் இடத்தை விட்டு நடந்துவந்து நாடீனின் நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டான். வேறு இருவரும் வந்தார்கள். நகர்ந்ததற்காக மூவருக்கும் அன்றைய கூலி கிடைக்கவில்லை. வெள்ளை உடைகள் சாம்பல் நிறமாகிவிட்டிருந்தன. அவற்றை எங்கே துவைப்பது என்று மிஸஸ் பிரிட்சார்ட் என்னைக் கேட்டார். இருபத்திரண்டு மைல் என்று சொன்னேன்.

கண்ணாடி இழை எல்ம் மரம் நவம்பரில் லாரியில் வந்தது. திறப்பு விழாவுக்கு நாற்பது பேர் வந்தார்கள். வண்டி நிறுத்த இடமில்லாததால் பலர் திரும்பிவிட்டார்கள். அடுத்த வருடம் மாநிலத்தின் உதவி நின்றது. மெயின் தெருவில் இருந்த ஏழு கடைகள் மூன்றாயின.

கில்ஸ்ட்ராப் வேறு மாநிலத்துக்குப் போனார். அங்கே ஓர் ஊரை 1926 ஆக்கியதற்காக விருது வாங்கினார். டூயி 1997-இல் கடையை மூடிவிட்டு ஃபுளோரிடாவில் மகளோடு இருக்கப் போனார். மிஸஸ் பிரிட்சார்ட் 2003-இல் காலமானார். நிற்பவர்கள் எல்லோரும் போன பிறகும் சில ஞாயிறுகளில் அவர் மட்டும் குடையோடு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். வெர்ல் புறவழிச்சாலையில் பழைய கம்பளக் கடை ஒன்றைப் பிடித்து, தன் இயந்திரங்களை அங்கே மாற்றினார். மாடிப்படி இல்லாததால் நாடீனுக்கு நல்லதாயிற்று. வியாழக்கிழமைகளில் நான் அங்கே போனேன். இரண்டு வருடம் கழித்து வெர்ல் என்னோடு பேச ஆரம்பித்தார். 2011-இல் அவர் இறந்தார். நாடீன் இப்போது தங்கையோடு டெர்ரே ஹோட் நகரத்தில் இருக்கிறாள். லாண்டரியைக் கர்டிஸ் போம்ஹாஃப் நடத்துகிறான். புகைப்படத்தைத் திருத்தத் தீர்மானித்தார்களே தவிர, யாரும் வந்து கேட்கவில்லை. அது நூலகத்தில் இருக்கிறது. எல்ம் மரத்தை 2006-ஆம் வருடப் புயல் பிடுங்கிக்கொண்டு போனது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். எண் 114-இல் புல் வளர்கிறது. நகராட்சி மாதம் இருமுறை வெட்டுகிறது.